லேபலில் எழுதும் வார்த்தை ஒரு கடன்: ஆரோக்கிய உணவு விற்போருக்கு ஜப்பான் தரும் பாடம்

கடந்த சில வருடங்களில் நமது கடை ராக்கைகளின் தோற்றம் வெகுவாக மாறிவிட்டது. அரிசி, மா, சீனி, பருப்பு மட்டும் இருந்த இடத்தில் இன்று முருங்கை இலைத் தூள், குரக்கன் சத்துமா, பாவற்காய்த் தேயிலை, வல்லாரைக் கஞ்சிப் பக்கற், கருஞ்சீரக எண்ணெய், பேரீச்சம்பழப் பாகு என்று பல சாமான்கள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. இவற்றை வாங்குபவர் பசிக்காக வாங்குவதில்லை. சீனி வருத்தம் கட்டுப்படும், கொலஸ்ட்ரோல் இறங்கும், மூட்டுவலி குறையும் என்ற நம்பிக்கையில்தான் வாங்குகின்றார். சாதாரண சாமானை விடக் கூடிய விலை கொடுக்கவும் அவர் தயங்குவதில்லை.

பசியைத் தீர்ப்பதற்கு அப்பால் உடலுக்குக் குறிப்பிட்ட ஒரு நன்மையைச் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் இத்தகைய உணவுகளைத் ‘தொழிற்பாட்டு உணவுகள்’ என்று அழைப்பர். நமது சமூகத்தில் சிறு முதலீட்டுடன் இத்துறையில் இறங்குவோர், குறிப்பாக வீட்டிலிருந்தே தயாரிக்கும் சகோதரிகள், அதிகரித்து வருகின்றனர். இது வரவேற்கத்தக்கது. ஆனால் என்னிடம் ஆலோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலானோர் கேட்பது பக்கற்றின் வடிவம், விலை, விளம்பரம் ஆகிய மூன்றையும் பற்றித்தான். “சாமான் விற்ற பிறகு அதை எவ்வாறு கண்காணிப்பது?” என்று கேட்டவர்கள் மிகவும் குறைவு. இக்கட்டுரையை நான் எழுதுவது அந்தக் கேள்விக்காகவே.

ஜப்பான் போட்ட பாதை

தொழிற்பாட்டு உணவு என்ற எண்ணக்கரு ஜப்பானில் பிறந்தது. 1984ஆம் ஆண்டு அந்நாட்டுக் கல்வி அமைச்சின் ஆதரவில் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டமொன்றில்தான் இச்சொல் வழக்குக்கு வந்தது. முதியோர் தொகை பெருகி, வைத்தியச் செலவு ஏறிக்கொண்டிருந்த காலம் அது. நோய் வந்த பின் மருந்துக்குச் செலவிடுவதை விட, உணவின் மூலம் உடலைப் பேணுவது இலாபகரமானது என்று அவர்கள் கணக்கிட்டனர்.

1991இல் இதற்கெனத் தனியான அனுமதி முறையொன்றை ஜப்பான் அறிமுகம் செய்தது. இம்முறையின் கீழ் ஒரு கம்பனி தனது உணவால் இன்ன நன்மை உண்டு என்று லேபலில் எழுத விரும்பினால், அதற்கான மனிதப் பரிசோதனை ஆதாரங்களையும் பாதுகாப்பு ஆதாரங்களையும் அரசிடம் சமர்ப்பிக்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக ஆராயப்படும். 1993இல் முதன்முதலாக அனுமதி கிடைத்த பொருட்கள் இரண்டே இரண்டு. ஒன்று ஒவ்வாமை உள்ளவர்களுக்கான அரிசி. மற்றையது சிறுநீரக நோயாளருக்காக பொஸ்பரஸ் குறைக்கப்பட்ட பால்.

இம்முறைக்குப் பணமும் காலமும் அதிகம் தேவைப்பட்டதால் சிறிய கம்பனிகள் பின்தங்கின. எனவே 2015 ஏப்ரலில் இலகுவான இன்னொரு முறை கொண்டுவரப்பட்டது. இதன்படி ஆதாரங்களைத் திரட்டி, விற்பனைக்கு 60 நாட்களுக்கு முன்னர் அரசின் பாவனையாளர் விவகார முகவரகத்துக்கு அறிவித்தால் போதுமானதாக இருந்தது. அரசு அவற்றை ஆராய்ந்து அனுமதி வழங்குவதில்லை. பொறுப்பு முழுவதும் கம்பனியையே சாரும். சந்தை வேகமாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியின் நடுவில்தான் 2024ஆம் ஆண்டின் சம்பவம் நிகழ்ந்தது.

சிவப்பு அரிசிக் குளிசையின் கதை

அரிசியில் ஒருவகைப் பங்கசை வளர்த்துச் செந்நிறமாக்கும் வழக்கம் சீனாவிலும் ஜப்பானிலும் மிகவும் பழையது. ஜப்பானியர் இதனை ‘பெனிகோஜி’ என்பர். உணவுக்கு நிறமூட்டவும் மதுபானத் தயாரிப்பிலும் இது பயன்படுகின்றது. 1979இல் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ இத்தகைய பங்கசிலிருந்து ‘மொனகொலின் கே’ என்ற பதார்த்தத்தைப் பிரித்தெடுத்தார். இன்று வைத்தியர்கள் கொலஸ்ட்ரோலுக்கு எழுதிக் கொடுக்கும் லோவாஸ்டாட்டின் என்ற மருந்தும் இதுவும் ஒன்றேயாகும். ஆகவே இந்த அரிசியில் உண்மையிலேயே பயன் உண்டு. வெறும் விளம்பரக் கதை அல்ல.

நூறு வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு கொண்ட கொபயாஷி மருந்துக் கம்பனி, 2016இல் இன்னொரு கம்பனியிடமிருந்து இந்தச் சிவப்பு அரிசித் தொழிலைப் பொறுப்பேற்றது. 2021 முதல், கெட்ட கொலஸ்ட்ரோலைக் குறைக்க உதவும் என்ற லேபலுடன் புதிய முறையின் கீழ் குளிசைகளை விற்றது. தானே விற்றதோடு நிற்காமல் மூலப்பொருளாகப் பல கம்பனிகளுக்கும் விநியோகித்தது.

2024 ஜனவரி 15ஆம் திகதி ஒரு வைத்தியர் கம்பனியைத் தொடர்பு கொண்டார். இக்குளிசையைப் பாவித்த ஒருவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பதாகத் தெரிவித்தார். அதன் பின்னர் வேறு வைத்தியர்களிடமிருந்தும் இதையொத்த செய்திகள் வந்தன. பெப்ரவரி முற்பகுதியில் விடயம் தலைவரின் காதுக்கும் எட்டியது. ஆனால் பொதுமக்களுக்கு அறிவித்து, சாமானை மீளப்பெறத் தொடங்கியதோ மார்ச் 22ஆம் திகதிதான். இடையில் இரண்டு மாதங்களுக்கு மேல் கழிந்துவிட்டன. அந்த இரண்டு மாதங்களும் மக்கள் காசு கொடுத்து அதை வாங்கி விழுங்கிக் கொண்டிருந்தனர்.

அறிவித்தல் வந்து ஒரு மாதத்துக்குள் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டோர் 200ஐத் தாண்டினர். 5 மரணங்களுடன் இதற்குத் தொடர்பு உண்டா என்று ஆராயப்பட்டது. ஜூன் மாத இறுதியில், மேலும் 76 மரணங்கள் குறித்து ஆராய்ந்து வருவதாகக் கம்பனியே தெரிவித்தது. ஜூலையில் தலைவரும் நிறுவனத்தின் பணிப்பாளர் சபைத் தலைவரும் பதவி விலகினர். ஆகஸ்டில் சிவப்பு அரிசித் தொழிலையே கம்பனி கைவிட்டது. இந்த அரிசியை நிறமூட்டுவதற்காக மட்டும் வாங்கிய வேறு கம்பனிகளும் தமது உற்பத்திகளைச் சந்தையிலிருந்து எடுக்க நேர்ந்தது.

கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை

நண்பர்களே, இக்கம்பனி பரிசோதனையே செய்யாமல் விற்கவில்லை. இந்த இடத்தைச் சற்று ஆறுதலாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கின்றேன்.

சிவப்பு அரிசியில் இயல்பாகவே உருவாகக்கூடிய ‘சிட்ரினின்’ என்ற நஞ்சு பற்றி உலகம் முன்னரே அறிந்திருந்தது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். எனவே கம்பனி, சிட்ரினினை உருவாக்க முடியாத பங்கசு வகையொன்றையே தெரிவு செய்திருந்தது. சம்பவத்தின் பின்னர் சோதித்த போதும் சிட்ரினின் காணப்படவில்லை. தெரிந்த கள்வன் வரும் வாசலை அவர்கள் நன்றாகவே பூட்டியிருந்தனர்.

நஞ்சு வந்தது வேறு வாசலால். சில தொகுதிகளில் மட்டும் எதிர்பாராத ஒரு பதார்த்தம் தென்பட்டது. அது ‘பியூபெருலிக் அமிலம்’ என்று அடையாளம் காணப்பட்டது. பாணிலும் தோடம்பழத்திலும் நாம் காணும் நீலப் பூஞ்சணத்தின் இனத்தைச் சேர்ந்த ஒன்று தொழிற்சாலையில் கண்டெடுக்கப்பட்டது. அரிசியில் பங்கசு வளர்க்கும் கட்டத்தில் அது உட்புகுந்து இந்த அமிலத்தை உருவாக்கியதாக ஆய்வாளர் முடிவு செய்தனர். எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்ததில் இது சிறுநீரகத்தைப் பாதிப்பது உறுதியானது என்று 2024 செப்டெம்பரில் ஜப்பானிய சுகாதார அமைச்சு அறிவித்தது. தொட்டியின் மூடியின் உட்புறத்தில் நீலப் பூஞ்சணம் இருந்ததை ஊழியர்கள் கண்டு தெரிவித்திருந்தும், அது ஓரளவு கலக்கத்தான் செய்யும் என்று அலட்சியமாகப் பதில் சொல்லப்பட்டது என்பது வெளியார் சட்டத்தரணிகள் நடத்திய விசாரணையில் வெளிவந்தது.

ஆய்வுகூட அறிக்கை என்பது நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை தருகின்றது. “இதில் ஈயம் உண்டா?” என்று கேட்டால் ஈயத்தைப் பற்றி மட்டும் சொல்லும். கேட்காத நஞ்சைப் பற்றி அது பேசாது. அதைக் கண்டுபிடிக்கும் கடைசி வழி, சாமானைச் சாப்பிட்டவரின் உடல்தான். அவரோ அவரது வைத்தியரோ சொல்வதைக் கேட்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லாவிட்டால், எத்தனை சான்றிதழ்களைச் சுவரில் தொங்கவிட்டாலும் அது குறைபாடான வியாபாரமே.

சந்தைக்கு வந்த பின்னரும் கண்காணித்தவர்கள்

ஐரோப்பாவின் அனுபவத்தையும் பார்ப்போம். பின்லாந்தின் ரைசியோ கம்பனி 1995இல் ‘பெனெகொல்’ என்ற மாஜரினை அறிமுகம் செய்தது. மரத்திலிருந்து பெறப்படும் ஒரு பதார்த்தம் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அது குடலிலேயே கொலஸ்ட்ரோல் உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றது. விற்பனைக்கு ஆதாரமாக இருந்த ஆய்வில், கொலஸ்ட்ரோல் சற்று அதிகமாக இருந்த 153 பேர் ஒரு வருடம் பங்குபற்றினர். ஒரு சாராருக்கு இப்பதார்த்தம் சேர்த்த மாஜரினும் மறு சாராருக்குச் சேர்க்காத மாஜரினும் கொடுக்கப்பட்டன. சேர்த்ததை உண்டவர்களின் மொத்தக் கொலஸ்ட்ரோல் சுமார் 10 வீதத்தால் குறைந்தது. ‘பயன் உண்டு’ என்று சொல்வதற்கு உலகம் ஏற்கும் அளவுகோல் இதுதான். “எனது மாமிக்குச் சுகமானது” என்பது அளவுகோல் அல்ல.

2000ஆம் ஆண்டு யுனிலீவர் கம்பனி இதையொத்த மாஜரினை விற்க ஐரோப்பிய ஒன்றியத்திடம் அனுமதி பெற்றபோது, ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது. விற்கத் தொடங்கிய பின்னரும் யார் வாங்குகின்றனர், எவ்வளவு சாப்பிடுகின்றனர், முறைப்பாடுகள் உண்டா என்று கம்பனி கண்காணித்து அறிக்கை தரவேண்டும் என்பதே அது. அவ்வாறு பார்த்தபோது ஒரு விடயம் தெரிந்தது. மக்கள் எதிர்பார்த்ததை விடக் குறைவாகவே பாணில் பூசிச் சாப்பிட்டனர். அதாவது ஆய்வில் கிடைத்த பயன் வீட்டில் அதே அளவில் கிடைக்கவில்லை. எனவே கண்காணிப்பு என்பது ஆபத்தைத் தேடுவதற்கு மட்டுமல்ல. வாக்களித்த பயன் பாவனையாளரைச் சென்றடைகின்றதா என்று பார்ப்பதற்கும்தான். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இது பொருத்தமற்றதாக இருக்கலாம் என்ற அறிவித்தலும், கொலஸ்ட்ரோலுக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரின் மேற்பார்வையில் மட்டுமே பாவிக்க வேண்டும் என்ற அறிவித்தலும் லேபலில் இடம்பெற்றன.

ஜப்பானிலேயே நல்ல முன்மாதிரியும் உண்டு. காவோ என்ற பெரிய கம்பனி 1999 முதல் ‘எகோனா’ என்ற சமையல் எண்ணெயை விற்று வந்தது. உடலில் கொழுப்புச் சேர்வது குறையும் என்ற அரச அனுமதியும் அதற்கு இருந்தது. 2009இல் சுத்திகரித்த எண்ணெய்களில் காணப்படும் கிளிசிடைல் எஸ்டர் என்ற பதார்த்தம் பற்றி ஜேர்மனியில் பேச்சு எழுந்தது. காவோ தனது எண்ணெயைச் சோதித்தபோது ஏனைய எண்ணெய்களை விட அதில் இது அதிகம் என்று தெரியவந்தது. எகோனாவால் எவருக்கும் நோய் வந்ததாக நிரூபிக்கப்படாத நிலையிலேயே, அவ்வருடம் செப்டெம்பரில் அக்கம்பனி விற்பனையை நிறுத்தியது. அடுத்த மாதம் அரச அனுமதியையும் திருப்பிக் கொடுத்தது. பத்து வருடங்களாக வளர்த்த பெயர் அது. நட்டம் பெரியது. ஆனாலும் கம்பனி தப்பியது.

நமது கறுவாவில் இருக்கும் பாடம்

“இவை பெரிய நாடுகளின் கதைகள், நமக்கென்ன?” என்று சிலர் நினைக்கலாம். நமது கறுவாவையே எடுத்துக்கொள்வோம்.

சீனியைக் கட்டுப்படுத்தும் என்று பலர் தினமும் கறுவாத்தூள் சாப்பிடுகின்றனர். உலகச் சந்தையில் கறுவா என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி சீனா, இந்தோனேசியா, வியட்நாம் போன்ற நாடுகளின் ‘கெசியா’ ஆகும். அதில் ‘கூமரின்’ என்ற பதார்த்தம் அதிகம். அளவு கூடினால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். நாளொன்றுக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பது ஐரோப்பாவின் கணிப்பு. 60 கிலோ நிறையுள்ள ஒருவர் சுமார் 2 கிராம் கெசியாத்தூளிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுவார் என்று ஜேர்மனியின் ஆபத்து மதிப்பீட்டு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இலங்கைக் கறுவாவிலோ கூமரின் மிகச் சொற்பம்.

கறிக்குப் போடும் ஒரு துண்டுப் பட்டை எதுவாக இருந்தாலும் பயப்படத் தேவையில்லை. ஆனால் ‘தினமும் காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி’ என்று லேபலில் எழுதிய கணமே கணக்கு மாறிவிடுகின்றது. உணவாக இருந்தது மருந்தின் அளவுக்கு வந்துவிட்டது. அந்நிலையில் விலை மலிவு என்று கெசியாத்தூளைக் கலந்து ‘இலங்கைக் கறுவா’ என்று விற்பவர், வெறும் கலப்படம் மட்டும் செய்யவில்லை. நோயாளி ஒருவரின் ஈரலோடு விளையாடுகின்றார். 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. அந்த நற்பெயரால் பயனடையும் வியாபாரிகள் அதைக் காக்கவும் வேண்டும்.

ஏனைய பொருட்களும் அவ்வாறுதான். முருங்கை இலையில் விற்றமின் கே அதிகம். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குளிசை எடுப்பவர் திடீரென்று தினமும் முருங்கைத்தூள் குடிக்கத் தொடங்கினால் அந்த மருந்தின் வேலை குழம்பலாம். சீனிக் குளிசையோடு பாவற்காய்ச் சாறும் சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். சோடியம் குறைந்த உப்பில் பொற்றாசியம் உண்டு. அது சிறுநீரக நோயாளருக்கு ஆபத்தானது. இவற்றை லேபலில் இரண்டு வரியில் எழுதுவதால் விற்பனை வீழ்ந்துவிடாது.

என்ன எழுதலாம், என்ன எழுதக்கூடாது?

நீரிழிவாளருக்கான மா தயாரிக்கும் ஒரு சகோதரர் தனது லேபலின் மாதிரியை என்னிடம் காட்டினார். ‘சீனி வருத்தத்தை அடியோடு ஒழிக்கும்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஆதாரம் கேட்டேன். “எல்லோரும் இப்படித்தானே போடுகின்றார்கள்” என்றார். இந்த வரியை நம்பி ஒரு தாய் கிளினிக் போவதையும் குளிசை எடுப்பதையும் நிறுத்தினால், பிறகு அவரது காலில் புண் வந்தால், அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த லேபலை அச்சிடவும் இல்லை.

வாசகங்களை நான்கு படிகளாகப் பிரித்துப் பார்த்தால் விளங்கும்.

முதலாவது, உணவில் இருப்பதைச் சொல்வது. ‘நார்ச்சத்து உள்ளது’ என்று எழுத 100 கிராமில் குறைந்தது 3 கிராமும், ‘நார்ச்சத்து நிறைந்தது’ என்று எழுத 6 கிராமும் இருக்க வேண்டும் என்பது சர்வதேச உணவு நியமக் குழுவான கோடெக்ஸின் அளவு. ஆய்வுகூட அறிக்கை ஒன்று இருந்தால் சிறு வியாபாரியும் இதை எழுதலாம்.

இரண்டாவது, ஒரு சத்து உடலில் செய்யும் வேலையைச் சொல்வது. ‘கல்சியம் எலும்புக்கு உறுதி’ என்பது போல. இது பொதுவாக ஏற்கப்பட்ட விஞ்ஞானமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு நோய் வரும் அபாயத்தைக் குறைக்கும் என்பது. மனிதரில் செய்த ஆய்வு இல்லாமல் இதைத் தொடக்கூடாது. ஐரோப்பாவில் ஆராயப்பட்ட பொதுவான நன்மை வாசகங்கள் 2,000க்கும் மேல். 2012இல் வெளியான பட்டியலில் இடம்பெற்றவை 222 மட்டுமே. பெரிய கம்பனிகளின் வாசகங்களும் தட்டிவிடப்பட்டன என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

நான்காவது, நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்பது. உணவில் இவ்வாறு எழுதுவதைக் கோடெக்ஸ் ஏற்பதில்லை. நமது நாட்டிலும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், பாவனையாளரைப் பிழையாக வழிநடத்தும் லேபலையும் விளம்பரத்தையும் தடை செய்கின்றது. நோய் தீர்க்கும் என்று சொன்னால் அது உணவின் எல்லையைத் தாண்டி மருந்தின் எல்லைக்குள் போய்விடும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைக்கோ ஆயுர்வேதத் திணைக்களத்துக்கோ பதில் சொல்ல வேண்டி வரும்.

கருஞ்சீரகம் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கருஞ்சீரகத்தின் சிறப்பைப் பற்றி ஹதீஸில் வந்திருப்பதை நாம் ஈமான் கொள்கின்றோம். ஆனால் ஹதீஸ் பேசுவது கருஞ்சீரகத்தைப் பற்றி. உங்கள் போத்தலில் இருப்பது தூய கருஞ்சீரக எண்ணெயா, பழுதடையாததா, அந்த நோயாளிக்கு எத்தனை துளி பொருந்தும் என்பவற்றுக்கு ஹதீஸ் உத்தரவாதமல்ல. மார்க்கத்தின் கண்ணியத்தை நமது பெக்கிங்கின் குறைக்கு மறைப்பாக்கக்கூடாது.

சிறு வியாபாரி செய்யக்கூடிய ஏழு காரியங்கள்

இவற்றுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு கொப்பி, ஒரு இறாக்கை மூலை, கொஞ்சம் ஒழுங்கு ஆகியன போதும்.

1. ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். யாருக்கான உணவு, நாளொன்றுக்கு எவ்வளவு, யார் சாப்பிடக்கூடாது. இம்மூன்றையும் எழுத முடியாவிட்டால் அந்தச் சாமான் விற்பனைக்குத் தயாராகவில்லை.

2. மூலப்பொருளை யாரிடம், எப்போது வாங்கினீர்கள் என்று பதிவு செய்யுங்கள். தூளாக வாங்குவதை விட இலையாக, பட்டையாக, முழு விதையாக வாங்கினால் கலப்படத்தைக் கண்ணால் காணலாம்.

3. ஈரத்தில் கவனமாக இருங்கள். சரியாகக் காயாத இலையிலும் மாவிலும் பூஞ்சணம் பிடிக்கும். 2021இல் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அப்லடொக்சின் இருந்ததாக எழுந்த பிரச்சினை நினைவிருக்கும். அதுவும் பூஞ்சணத்தின் நஞ்சுதான். ஓரிடத்தில் பூஞ்சணம் தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் அள்ளி வீசிவிட்டு மிகுதியை அரைப்பது கூடாது. முழுத் தொகுதியும் வெளியே போக வேண்டும். மூடியில் கண்ட நீலப் பூஞ்சணத்தை மறந்துவிடாதீர்கள்.

4. ஒவ்வொரு தொகுதிக்கும் இலக்கம் இடுங்கள். இலக்கம் இல்லாவிட்டால், ஒரு நாள் தயாரிப்பில் வந்த பிழைக்காக ஒரு வருடச் சாமானையும் திருப்பி எடுக்க நேரிடும்.

5. ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பக்கற்றுகளை விற்காமல் காலாவதித் திகதி முடிந்து சில மாதங்கள் வரை வைத்திருங்கள். முறைப்பாடு வந்தால் சோதிப்பதற்கு அதுதான் சாட்சி. உங்கள் மீது பிழையில்லை என்பதை நிரூபிப்பதும் அதுதான்.

6. எந்தத் தொகுதி எந்தக் கடைக்குப் போனது என்று பில்லில் எழுதுங்கள். வருடத்தில் ஒரு தடவை, ஒரு தொகுதியைத் தெரிவு செய்து, அது இப்போது எங்கெங்கே இருக்கின்றது என்று ஒரே நாளில் கண்டுபிடிக்க முடிகின்றதா என்று பாருங்கள். முடியாவிட்டால் பதிவில் ஓட்டை உண்டு.

7. லேபலில் தொலைபேசி இலக்கம் போடுங்கள். அழைப்பு வந்தால் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். தொகுதி இலக்கம் என்ன? எவ்வளவு நாள், எவ்வளவு சாப்பிட்டார்? என்ன நடந்தது? வேறு என்ன மருந்து எடுக்கின்றார்? நிறுத்திய பின் குறைந்ததா? வைத்தியரிடம் காட்டினாரா? ஒரே மாதிரியான இரண்டு முறைப்பாடுகள் வந்தால், காரணம் தெரியும் வரை காத்திராமல் விற்பனையை நிறுத்துங்கள். வைத்தியரே அழைத்தால் ஒரு முறைப்பாடே போதும். உங்கள் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள்.

நான் பார்த்த வரையில் ஏழாவதில்தான் பலரும் தடுமாறுகின்றனர். முறைப்பாடு செய்பவரை எதிரியாகவும், போட்டிக் கடைக்காரர் அனுப்பிய ஆளாகவும் நினைக்கின்றனர். “எங்கள் சாமானில் அப்படி வராது” என்று சொல்லி அழைப்பை வைத்துவிடுகின்றனர். உண்மையில் அவர் உங்களுக்கு இலவசமாக ஒரு பரிசோதனை அறிக்கை தருகின்றார். பணம் கொடுத்தாலும் எந்த ஆய்வுகூடத்திலும் கிடைக்காத அறிக்கை அது.

ஜப்பானும் இறுதியில் இந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. நன்மை வாசகத்துடன் உணவு விற்கும் கம்பனிகள், வைத்தியர் மூலம் தெரியவரும் உடல்நலப் பாதிப்புகளை அரசுக்கு அறிவிப்பது 2024 செப்டெம்பர் 1 முதல் அங்கு கட்டாயமாக்கப்பட்டது. குளிசை வடிவிலான அத்தகைய உணவுகளுக்கு நல்லுற்பத்தி நடைமுறை எனப்படும் ஜி.எம்.பி. தரமும் இரண்டு வருட அவகாசத்துடன் கட்டாயமானது. சட்டம் வந்த விலை மிகப் பெரியது. நாம் அந்த விலையைக் கொடுக்காமலேயே பாடத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.

ஹலால் மட்டுமா?

பன்றிக்கொழுப்பு இல்லை, மதுசாரம் இல்லை என்பதோடு நாம் திருப்தியடைந்து விடுகின்றோம். ஆனால் அல்குர்ஆன் ஹலாலோடு சேர்த்துத் ‘தையிப்’ என்பதையும் வலியுறுத்துகின்றது. நல்லது, தூய்மையானது, தீங்கற்றது என்பது அதன் கருத்து. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலொன்றினுள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருப்பதைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அனைவரும் அறிந்ததே. அந்த நனைவு மழையால் வந்தது. வியாபாரி தண்ணீர் ஊற்றவில்லை. ஆனாலும் தெரிந்த குறையை வாங்குபவரின் கண்ணுக்கு மறைத்ததே குற்றமானது. அதேபோல், வைத்தியம் அறியாமல் வைத்தியம் பார்ப்பவர் அதனால் வரும் தீங்குக்குப் பொறுப்பாளி என்பதும் பிக்ஹு நூல்களில் உள்ள சட்டமாகும். ‘சீனி வருத்தத்தைத் தீர்க்கும்’ என்று லேபலில் எழுதுபவர் தானும் வைத்தியராகிவிடுகின்றார் என்பதை மறக்கக்கூடாது.

நோயாளியின் நம்பிக்கை ஓர் அமானிதம். விற்றுக் காசை வாங்கியதோடு அந்த அமானிதம் நீங்குவதில்லை. அவர் அதைச் சாப்பிட்டு முடிக்கும் வரை அது நமது கழுத்தில்தான் இருக்கின்றது. எனவே இத்துறையில் ஈடுபட்டுள்ள சகோதர சகோதரிகள் இந்த வாரமே ஒரு கொப்பி வாங்கி, முதற் பக்கத்தில் ‘முறைப்பாடுகள்’ என்று எழுதிக் கடையில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மற்றையவற்றை ஒவ்வொன்றாகச் செய்துகொள்ளலாம்.

அல்லாஹ் நமது உழைப்பிலும் வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக!